நமக்கெல்லாம் கெடைக்குமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி வட்டாரங்களில் எந்தச் சேரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நல்ல மார்க்கு எடுத்த பையன் ஒருத்தன் இருப்பான். அவனைவிட நல்ல மார்க்கு எடுத்த பொண்ணு ஒண்ணு இருக்கும். "அடுத்து என்னம்மா படிக்கப் போற?" என்று கேட்டால் பக்கத்து ஊர் கலைக் கல்லூரி, நர்சிங், பாலிடெக்னிக் என்று பதில் வரும். "ஐஐடிக்கு எழுதுனியா? சட்டப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷன் போட்டியா? டெல்லி, ஐதராபாத்துன்னு முயற்சி பண்ணுனியா?" என்று கேட்டால் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "அதெல்லாம் நமக்குக் கெடைக்குமாண்ணே?" என்று ஒரு கேள்வி வரும்.

கலைக் கல்லூரியும் நர்சிங்கும் கேவலம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே படித்து வந்தவர்கள்தான் இன்று நம் தெருக்களைத் தாங்கிக் கொண்டிருக்கிறார்கள். ஆனால் விரும்பிப் போவது வேறு. வேறு எந்தக் கதவையும் தட்டிப் பார்க்காமல் போவது வேறு. பரீட்சை எழுதித் தோற்றவனைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. எழுதாமலே தோற்றவனைப் பற்றிப் பேசவில்லை. கட்-ஆஃபுக்குக் கீழே நின்றவனுக்காவது ஒரு கணக்கு உண்டு. அப்ளிகேஷனே போடாதவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். "எஸ்.சி. இடத்துக்குத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று ஒரு நிர்வாகம் கோப்பில் எழுதும்போது, அந்த வாக்கியத்துக்குள் புதைந்து கிடப்பவர்களில் பாதிப்பேர் இந்தச் சிரிப்புச் சிரித்தவர்கள்தான்.

இதை "தன்னம்பிக்கை இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேச்சாளரைக் கூட்டி வந்து "உன்னால் முடியும் தம்பி" என்று கைதட்டச் சொல்கிறார்கள். கைதட்டல் முடிந்ததும் பிள்ளை அதே தெருவுக்குத் திரும்பிப் போகிறது. தன்னம்பிக்கை ஏதோ மூளைக்குள் சுரக்கிற சமாச்சாரம் மாதிரியும், நம் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் குறைவாகச் சுரக்கிற மாதிரியும் ஒரு பேச்சு. இந்தப் பேச்சை நாம் ஏற்கக் கூடாது. தன்னம்பிக்கையும் பட்டா நிலம் மாதிரிதான். யாரிடம் எவ்வளவு இருக்கிறது, எப்படி வந்தது, யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று கேட்க வேண்டிய விஷயம் அது.

ஒரு பழைய வழக்கை எடுத்துக் கொள்வோம். வகுப்புவாரி அரசாணை செண்பகம் துரைராஜன் வழக்கில் செத்தது என்பது இயக்கத் தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அரிசனங்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முசுலிம்களுக்கு 1 என்று பங்கு இருந்தது. இந்த ஆணையால் மருத்துவக் கல்லூரியில் தன் வாய்ப்பு பறிபோகிறது என்று 1950இல் செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் வாதாடினார். 1951இல் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. அதை எதிர்த்துத் தமிழகம் கொதித்ததும், அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்ததும் வரலாறு.

அதிகம் பேசப்படாத ஒன்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தாராம், கிடைக்காது என்று தெரிந்ததாம், நேரே நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். நீதிமன்றமும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

இதையும் நம் பிள்ளையின் சிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேருமே அப்ளிகேஷன் போடாதவர்கள். "கெடைக்காது" என்று கேள்விப்பட்டதும் ஒருவர் நாட்டின் ஆகப் பெரிய வக்கீல்களில் ஒருவரை வைத்து வழக்குப் போடுகிறார். இன்னொருவர் அதே வார்த்தையைக் கேள்விப்பட்டதும் அப்பனோடு சித்தாள் வேலைக்குப் போகிறார். ஒருவருக்கு அந்த இடம் பிறந்ததிலிருந்தே தன்னுடையது. இன்னொருவருக்கு அது பிறந்ததிலிருந்தே அடுத்தவனுடையது. மார்க்கு இங்கே எங்கே வந்தது? மார்க்கு வருவதற்கு முன்பே விஷயம் முடிந்துவிட்டது.

சரி, மார்க்குக்கு வருவோம்.

மார்க்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராத சில உண்மைகள் உண்டு. முதலாவது: பள்ளிக்கூடத்து மார்க்கும் தேர்வு செய்கிற பரீட்சையின் மார்க்கும் ஒன்றல்ல. பள்ளிப் பரீட்சையில் 100க்கு 35 வாங்கினால் பாஸ், 90 வாங்கினால் கெட்டிக்காரன். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஜேஇஇ மாதிரித் தேர்வு எழுதுகிறது, 100க்கு 30 வருகிறது, "நமக்கு மூளை இல்லை" என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது. 2024இல் ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் பொதுத் தரவரிசைப் பட்டியலுக்குள் நுழையவே மொத்தம் 360க்கு 109 மார்க்கு போதுமானதாக இருந்தது. அதாவது நூற்றுக்கு 30 சொச்சம். எஸ்.சி. பட்டியலுக்கு 54. பட்டியலில் பேர் வந்துவிட்டால் சீட்டு நிச்சயம் என்று அர்த்தமில்லை, ரேங்க் வேண்டும். ஆனால் நாட்டிலேயே கெட்டிக்காரர்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடும் அந்தக் கூட்டத்தின் கடைசி ஆள் நூற்றுக்கு 30 வாங்கியவன் என்பது நம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், புத்தகத்தை மூடியிருக்குமா?

இரண்டாவது: பர்சன்டைல் என்றால் பர்சன்ட் அல்ல. உனக்கு எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது. உனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். கட்-ஆஃபும் அப்படித்தான். அது அறிவின் எல்லைக்கோடு அல்ல. எத்தனை நாற்காலி போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு. நாற்காலியைக் கூட்டினால் கட்-ஆஃப் இறங்கும், குறைத்தால் ஏறும்.

அப்படியானால் "தகுதி" என்று சொல்கிறார்களே, அது என்ன? 2023 செப்டம்பரில் முதுநிலை மருத்துவத்துக்கான நீட் தேர்வில் தகுதி பர்சன்டைலை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யமாக்கினார்கள். பூஜ்யம் என்றால், பரீட்சை ஹாலில் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தால் போதும், மைனஸ் மார்க்கு வாங்கியிருந்தாலும் கவுன்சலிங்குக்குத் தகுதி உண்டு. முதுநிலை இடங்கள் நிரம்பாமல் காலியாகக் கிடந்தன என்பதுதான் காரணம். இடம் காலியாகக் கிடந்தால் தகுதி தானாகக் கீழே இறங்கி வருகிறது! என்.ஆர்.ஐ. ஒதுக்கீடு, மேனேஜ்மென்ட் ஒதுக்கீடு என்று காசு பேசும் இடங்களில் எல்லாம் இறங்கிய தகுதி, நம் தெருப்பிள்ளை வந்து நின்றால் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்பது ஏன் என்று கேட்க நம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது: ஒரே பிள்ளைக்கு ஒரே வருஷத்தில் இரண்டு வேறு மார்க்கு வரும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 2017இல் ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். நீட்டில் 720க்கு 86. அந்த இரண்டு மாதத்துக்குள் அவர் அறிவு கரைந்து போய்விட்டதா? அவர் படித்த பாடத்திலிருந்து ஒரு பரீட்சை கேட்டது. அவருக்கு யாரும் நடத்தாத பாடத்திலிருந்து, காசு கட்டிக் கோச்சிங் போனவனுக்குப் பழகிப்போன முறையில் இன்னொரு பரீட்சை கேட்டது. மார்க்கில் பாதி பிள்ளையுடையது, பாதி கேள்வித்தாளுடையது. அனிதா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவர். அவரை நாம் இழந்தது நம் எல்லோர் மேலும் உள்ள கடன்.

நான்காவது: ஜெயித்தவர்கள் ஒரே தடவையில் ஜெயித்தவர்கள் அல்ல. நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் உண்டு. தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் இரண்டாவது தடவையோ அதற்கு மேலோ எழுதியவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். நூற்றுக்கு எழுபது பேர் முதல் தடவை கிடைக்காமல் மறுபடி எழுதியவர்கள்! அவர்கள் வீட்டில் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை, "லாங் டேர்ம் போறான்" என்று சொல்கிறார்கள். நம் வீட்டில் ஒரு வருஷம் சும்மா இருந்தால் "ஃபெயிலாயி வீட்ல கெடக்கான்" என்று சொல்கிறார்கள். ஒரு வருஷத்தை விலைக்கு வாங்க முடிந்தவனுக்கு அது பயிற்சி, முடியாதவனுக்கு அது அவமானம். இதுதான் வித்தியாசம்.

இந்த அவமானம் எப்படி மார்க்கையே தின்னும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களை வைத்து நடத்தினார்கள். மேல்சாதிப் பையன்கள் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, போட்டு முடித்த ஒவ்வொன்றுக்கும் காசு தந்தார்கள். சாதியைச் சொல்லாமல் விட்டபோது இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு போட்டார்கள். பேரையும் அப்பா பேரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டுப் போடச் சொன்னபோது நம் பையன்கள் போட்ட எண்ணிக்கை கணிசமாகச் சரிந்தது. அதே பையன், அதே புதிர். நடுவில் வந்தது ஒரு வார்த்தை.

இதே போன்றதை 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா அரோன்சன் ஆகியோர் அமெரிக்கக் கறுப்பின மாணவர்களிடம் காட்டினார்கள். "இது உன் அறிவை அளக்கும் பரீட்சை" என்று சொல்லிக் கொடுத்தால் மார்க்கு குறைகிறது, அப்படிச் சொல்லாமல் கொடுத்தால் இடைவெளி சுருங்குகிறது. இப்போது நம் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். "எஸ்.சி. எஸ்.டி. எல்லாம் எந்திரிச்சு நில்லு, ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல கையெழுத்துப் போடு" என்று வகுப்பு நடுவில் கூப்பிடுகிற குரலை எத்தனை வருஷம் கேட்டு வளர்கிறது நம் பிள்ளை! அந்தச் சோதனையில் ஒரு தடவை நடந்தது இங்கே பன்னிரண்டு வருஷம் நடக்கிறது.

இப்போது அப்ளிகேஷனுக்கு வருவோம். பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது. ஆனால் பயத்துக்குக் காரணமான காரியங்களைத் தீர்க்க முடியும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை செய்தார்கள். நல்ல மார்க்கு வாங்கிய ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் போட்டார்கள்: நீ விண்ணப்பம் போட்டு இடம் கிடைத்தால் நான்கு வருஷமும் கட்டணம் கிடையாது, அதற்கென்று தனியாக எந்த ஃபாரமும் நிரப்ப வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கடிதம் வராவிட்டாலும் ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும். புதிதாகக் கொடுத்தது காசல்ல, உறுதி. கடிதம் போகாதவர்களில் நூற்றுக்கு 26 பேர் விண்ணப்பித்தார்கள். கடிதம் போனவர்களில் 68 பேர். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 சதவீதமானார்கள். ஒரு தபால்! இதைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் எவராவது செய்ததுண்டா?

நம் பக்கத்தில் அந்தத் தபாலை யார் போடுவது? அரசு சில காரியங்கள் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் கல்லூரிகளில் எஸ்.சி. எஸ்.டி. பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் 2012ஆம் ஆண்டு அரசாணை 92, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு எல்லாம் போராடி வந்தவை. 7.5 வந்த முதல் வருஷமே முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்பிபிஎஸ் சேர்ந்தார்கள். முந்தின வருஷம் "திறமை இல்லாத" பிள்ளைகள் அடுத்த வருஷம் திறமைசாலிகளாகவில்லை. கதவுதான் திறந்தது. ஆனால் ஆணை ஆணையாக இருக்கிறது, தெருவுக்கு வந்து சேரவில்லை. அரசாணை 92 இருப்பது தெரியாமல் கந்து வட்டிக்கு வாங்கிக் கல்லூரிக்குக் கட்டியவர்கள் நம் ஊர்களில் உண்டு.

மிகப் பெரிய சிக்கல் காலண்டரில் இருக்கிறது. நம் வீடுகளில் "அடுத்து என்ன" என்ற பேச்சு மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் தொடங்கும். ஆனால் அகில இந்தியத் தேர்வுகளுக்கு ரிசல்ட் வருவதற்கு வெகுமுன்பே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு ப்ளஸ் டூ படிக்கும்போதே டிசம்பரில் நடந்துவிடுகிறது. ஜேஇஇ ஜனவரியிலேயே முதல் சுற்று. நீட்டுக்கும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இல் வந்த கியூட் தேர்வுக்கும் பெரும்பாலும் வசந்த காலத்திலேயே கடைசித் தேதி. மேல்சாதி வீட்டில் பத்தாம் வகுப்பிலேயே இந்தத் தேதிகள் சுவரில் தொங்கும். நம் பிள்ளை மே மாதம் மார்க்கு ஷீட்டோடு வந்து நிற்கும்போது ரயில் போய் ஆறு மாசம் ஆகியிருக்கும். இதில் தன்னம்பிக்கை எங்கே குறைந்தது?

அடுத்தது மொழி. நீட் 2017இலிருந்து தமிழில் எழுதலாம். ஜேஇஇ மெயின் 2021இலிருந்து தமிழில் எழுதலாம். ஆனால் ஐஐடி வாசலில் நிற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான். முதல் வாசலில் தமிழ், இரண்டாவது வாசலில் தமிழனுக்குப் பூட்டு. அதுவும் அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டே தடவைதான் எழுத விடுவார்கள். தாமதமாக விவரம் தெரிந்துகொள்கிற பிள்ளைக்கு இது என்ன நீதி?

அடுத்தது சர்டிபிகேட். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அப்பன் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். கிறித்தவரான தலித் வீட்டுப் பிள்ளைக்கு எஸ்.சி. சான்றே கிடையாது, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அதைத் தடுத்து வைத்திருக்கிறது. 2019இல் வந்த பொருளாதார ஒதுக்கீட்டில் வருஷம் 8 லட்சத்துக்குள் வருமானம் உள்ள முன்னேறிய சாதிக்காரர் ஏழை. மத்திய அரசின் எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கோ 2.5 லட்சத்தைத் தாண்டினால் நம்மவர் ஏழையில்லை. இந்தக் கணக்கைப் போட்டது யார் மூளை?

இன்னொரு மயக்கம் நம்மிடமே இருக்கிறது. "ஓ.சி." என்றால் முன்னேறிய சாதிக்காரர்களின் ஒதுக்கீடு என்று படித்த பிள்ளைகள்கூட நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 69 சதவீதம் போக மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. அது எல்லோருக்கும் பொது. எஸ்.சி. சான்று கொடுத்தவர்களும் மார்க்கு இருந்தால் அந்த 31க்குள்ளே போகலாம். நமக்குரிய 18 நமது தரை, கூரை அல்ல. "நம்ம கோட்டாவுல எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டுப் படிக்கிற பழக்கத்தை விட வேண்டும்.

கட்-ஆஃபைத் தாண்டியவன் காசில் விழுவதும் உண்டு. 2024இல் உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகனான ஒரு தலித் மாணவருக்குத் தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊரில் வசூல் செய்து பணம் சேர்ந்தபோது கடைசி நிமிடம் வந்துவிட்டது, இணையதளம் மூடிக்கொண்டது. ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம், சென்னை உயர் நீதிமன்றம் வரை அலைந்து கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் 17,500 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போக முடியாதவர்கள் எத்தனை பேர்? அந்தப் பணத்தை ஒரு நாளுக்கு முன்னால் கொடுக்க ஒரு சங்கம் இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

இங்கே தோழர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

"நீட் ஒழிக, கியூட் ஒழிகன்னு கோஷம் போடுறோம், அப்புறம் அதுக்கே பயிற்சி குடுத்தா என்ன அர்த்தம்?" என்பது ஒன்று. இந்தத் தேர்வுகளை எதிர்ப்பதில் நாம் பின்வாங்கவில்லை. ஆனால் எதிர்க்கிற காலம் முழுக்க நம் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தால் நட்டம் யாருக்கு? 1927இல் மகாட்டில் சவுதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தது அந்தத் தண்ணீர் இல்லாமல் செத்துப்போவோம் என்பதற்காக அல்ல. மனுசனுக்கு மனுசன் சமம் என்று காட்டத்தான். பரீட்சை எழுதுவதும் அப்படித்தான். எழுதுகிறவன் அந்தப் பரீட்சைக்குச் சலாம் போடவில்லை. உள்ளே போய்த்தான் அது எப்படிப் பொய் சொல்கிறது என்று சாட்சி சொல்ல முடியும்.

இரண்டாவது கேள்வி கனமானது. "உள்ள அனுப்பி என்ன கண்டோம்? ரோகித்த அனுப்புனோம். முத்துக்கிருஷ்ணன அனுப்புனோம். என்ன திரும்பி வந்துச்சு?" ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை 2016இலும், சேலத்திலிருந்து பலமுறை முயன்று ஜேஎன்யூவில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த முத்துக்கிருஷ்ணனை 2017இலும் இழந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அரசே அமைத்த குழுவின் சாட்சி உண்டு. டெல்லி எய்ம்ஸில் நம் பிள்ளைகள் விடுதியிலும் வகுப்பிலும் ஒதுக்கப்பட்டதை சுகதேவ் தோரட் குழு 2007இல் எழுதிக் கொடுத்தது. ஜேஎன்யூவில் எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்கு வாங்கும் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு நேர்காணலில் மார்க்கு சரிவதை அப்துல் நஃபே குழு 2016இல் கணக்குப் போட்டுக் காட்டி, நேர்காணலுக்கான 30 மார்க்கை 15ஆகக் குறைக்கச் சொன்னது. மறு வருஷம் எழுத்துத் தேர்வை வெறும் தகுதிக்கு வைத்துவிட்டு நேர்காணலுக்கே முழு மார்க்கும் கொடுத்தார்கள்! முகத்தைப் பார்த்துப் போடுகிற மார்க்கு அது.

எனவே பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் அனுப்பாமல் இருப்பது அல்ல. தனியாக அனுப்பாமல் இருப்பது. ஐதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் இருந்ததால்தான் ரோகித்தின் குரல் நாடு முழுக்கக் கேட்டது. சென்னை ஐஐடியில் 2015இல் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தபோது தெருவில் இறங்கிப் போராடியதால் சில நாட்களிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு பிள்ளை சேரும் முன்பே அங்கே இருக்கிற அண்ணன், அக்கா யார், அவர்கள் போன் நம்பர் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புரியாமல் அரியர் விழுந்தால் அது சாவுக்குரிய விஷயம் அல்ல என்று சொல்ல ஆள் வேண்டும். எந்தப் படிப்பும் உயிரைவிடப் பெரிதல்ல. முடியவில்லை என்றால் ஊருக்குத் திரும்பி வா, யாரும் உன்னைக் கேலி பேச விடமாட்டோம் என்று சொல்லி அனுப்புவதும் இயக்கத்தின் வேலைதான்.

மார்க்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கட்டும். 1907இல் மெட்ரிகுலேசனில் அண்ணல் அம்பேத்கர் வாங்கியது 750க்கு 282. நூற்றுக்கு 38கூட இல்லை. இன்றைய கட்-ஆஃப் பூசாரிகள் அவரைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பியிருப்பார்கள். கொலம்பியாவும் லண்டனும் அவரைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. இதை "பாத்தியா, முயற்சி இருந்தால் முடியும்" என்ற கதையாக்கிவிடக் கூடாது. அந்தப் பாஸைக் கொண்டாட நம் சனம் கூட்டம் போட்டது. கேளுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் பரோடா மன்னரைப் பார்க்க வைத்து உதவித்தொகைக்கு வழி செய்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர், 1920இல் காசு சேர்த்துத் திரும்பப் போனார். ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொன்னார்கள், திருத்திக் கொடுத்து 1923இல் டி.எஸ்சி. வாங்கினார். பாதியில் விட்டது, திரும்பப் போனது, திருத்தி எழுதியது எல்லாம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. நம் மேடைகளில் கோட்டும் சூட்டும் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே வேலைக்கு வருவோம். இது பெரிய திட்டமோ பெரிய பணமோ தேவைப்படுகிற வேலை அல்ல.

ஒவ்வொரு சேரியிலும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளின் பட்டியல் எடுக்க வேண்டும். ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்தப் பட்டியலோடு ஜூன், ஜூலையிலேயே சான்றிதழ்களை வாங்கி முடிக்க வேண்டும், தாலுகா ஆபீசுக்கு ஒவ்வொரு அப்பனும் தனித்தனியாகப் போகாமல் சங்கத்து ஆள் மொத்தமாகக் கொண்டு போக வேண்டும். தேர்வுத் தேதிகளையும் கடைசித் தேதிகளையும் ஒரே தாளில் அச்சடித்து ஆதிதிராவிடர் நல விடுதிகளின் சுவரில் ஒட்ட வேண்டும். எஸ்.சி. எஸ்.டி. பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதையும், ஐஐடியில் கட்-ஆஃபுக்குக் கீழே வந்தாலும் ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு மூலம் சேர வழி உண்டு என்பதையும் அதில் எழுத வேண்டும். மதுரையில் வேலை பார்க்கும் நம் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் மாசம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் சேர்க்கைக் கட்டணத்துக்கு ஒரு கைமாற்று நிதி தயார். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் பழைய கேள்வித்தாளை முன்னால் வைத்து உட்காரச் சொன்னால் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மாதிரித் தேர்வில் 30 வந்தால் அந்தத் தாளைக் கிழிக்காதே. எதில் போனது என்று பார், அடுத்த வாரம் 35க்கு எழுது. வாத்தியார் "உனக்கெதுக்குடா இதெல்லாம்?" என்று கேட்டால் அவரிடம் பதில் பேச வேண்டாம், அப்ளிகேஷனில் பதில் எழுது. கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு சொல்வது அவர்கள் வேலை, அதையும் நீயே செய்து கொடுக்காதே. கிடைக்கவில்லை என்றால் அதை அவர்கள் தங்கள் கையால் எழுதிக் கொடுக்கட்டும், காரணத்தோடு எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று நாம் உட்கார்ந்து பேசுவோம்.